கடலில் எட்டுப் பேர்



இந்த மாதம் ஒரு போர் விமானியின் ஜீவியத்தை உங்களுக்குச் சொல்லலாம் என்று ஆவியில் ஏவப்பட்டேன். இவர் ஊழியக்காரர் அல்ல, மிஷனரியும் அல்ல. பரிசுத்தவான் என்று இவரை யாரும் சொல்ல மாட்டார்கள். கோபம் வந்தால் வாயில் வசவு வரும். ஆனாலும் உலகமெங்கும் எத்தனையோ பிரசங்க பீடங்களில் இவருடைய பேர் சொல்லப்பட்டிருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த எடி ரிக்கன்பேக்கர்தான் அவர். நடுக்கடலில் இவர் தலையில் பறவை வந்து உட்கார்ந்த கதையைச் சிலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட வாழ்க்கை உண்டு. அந்தக் கதைக்கு நடுவிலேயே, பல பேர் சொல்லாமல் தாண்டிப் போகிற ஒரு காரியமும் உண்டு.

1890-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரத்தில் பிறந்தார். தாய் தகப்பன் இரண்டு பேரும் சுவிட்சர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். வீட்டில் பேசியது ஜெர்மன் பாஷை. நிறைய பிள்ளைகள், கையில் காசு இல்லை. தகப்பன் வில்லியம் கூலி வேலை செய்கிறவர். 1904-ல் வேலை செய்த இடத்தில் ஒருவன் அவர் தலையில் அடித்துவிட்டான். நினைவு திரும்பாமலே கொஞ்ச நாளில் மரித்துப் போனார். எடிக்கு அப்போது 13 வயசு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வயசைக் கூட்டிச் சொல்லி, கண்ணாடித் தொழிற்சாலையில் ராத்திரி வேலைக்குப் போய்விட்டான் பையன். அதற்குப் பிறகு செருப்புக் கம்பெனி, ரயில்வே பட்டறை, கல்லறைக் கல் செதுக்குகிற இடம் என்று எங்கெல்லாமோ வேலை. தன் தகப்பனுடைய கல்லறைக் கல்லைத் தன் கையாலேயே செதுக்கினதாக அவரே சொல்லியிருக்கிறார். இதை வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

தாய் எலிசபெத் ஜெபிக்கிற ஸ்திரீ. ராத்திரி படுக்கப் போகும் முன் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தி ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள். பிள்ளை பெரியவனாகி எந்த சபையிலும் ஒழுங்காய் உட்காரவில்லை. ஆனால் முழங்காலில் கற்றுக்கொண்டது உள்ளே கிடந்தது.

மோட்டார் கார் அப்போதுதான் வந்த காலம். இஞ்சின் என்றால் எடிக்கு உயிர். தபால் மூலம் இஞ்சினியரிங் படித்து, மெக்கானிக்காகி, பிறகு ரேஸ் கார் ஓட்டுகிறவரானார். 1911-ல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் போட்டியிலேயே மாற்று ஓட்டுநராகக் கார் ஓட்டியிருக்கிறார். 1917-ல் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கினபோது பிரான்ஸ் தேசத்துக்குப் போனார், அதிகாரிகளுக்கு டிரைவராக. விமானம் ஓட்டப் பழகுவதற்கு வயசு கடந்துவிட்டது, படிப்பும் போதாது என்ற நிலை. விடவில்லை மனுஷன். 1918 மார்ச்சில் 94-வது விமானப் படைப்பிரிவில் போர் விமானியாகச் சேர்ந்துவிட்டார். அந்தப் படைப்பிரிவின் அடையாளம் ஒரு வளையத்துக்குள் கிடக்கிற தொப்பி. அந்தத் தொப்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு தொப்பி வருகிறது!

அந்த நாள் விமானம் என்றால் இப்போது நாம் பார்க்கிற மாதிரி இல்லை. மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டின துணி, அவ்வளவுதான். அமெரிக்க விமானிகளுக்குப் பாராசூட்டும் கொடுக்கப்படவில்லை. விமானம் தீப்பிடித்தால் கூடவே எரிய வேண்டும், இல்லாவிட்டால் கீழே குதித்துச் சாக வேண்டும். இவருக்குப் போர் முறை கற்றுக் கொடுத்த ராவுல் லஃப்பெரி என்ற பேர் பெற்ற விமானி 1918 மே மாதம் அப்படித்தான் வானத்திலிருந்து விழுந்து செத்தார். அதே மாதம் ரிக்கன்பேக்கரின் விமானம் செங்குத்தாய்க் கீழே பாய்ந்தபோது மேல் இறக்கையின் துணி கிழிந்து பறந்து போய்விட்டது. விமானம் சுழன்று சுழன்று விழுகிறது. சின்ன வயசில் தாய் கற்றுக் கொடுத்த ஜெபம் அப்போது வாயில் வந்தது. கடைசி நேரத்தில் இஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினார். மூக்கு மேலே எழும்பியது. எப்படியோ தரையிறங்கிவிட்டார்.

1918 செப்டம்பர் 25-ந் தேதி தனி ஆளாய்ப் பறந்து ஏழு ஜெர்மன் விமானங்கள்மேல் பாய்ந்து இரண்டை வீழ்த்தினார். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதை 1930-ல் கொடுத்தார்கள். யுத்தம் முடிகிறபோது அவர் கணக்கில் 26 வெற்றி. அந்த யுத்தத்தில் எந்த அமெரிக்க விமானியும் அத்தனை வீழ்த்தவில்லை. சில கண்காணிப்பு பலூன்கள், மற்றதெல்லாம் விமானங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய் பெற்ற பிள்ளை இருந்தான் அல்லவா? அவர்களில் எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்? உலகம் இதை வீரம் என்று எழுதி வைக்கிறது. சபைக்கு எழுதுகிற எனக்கு 26 என்ற எண்ணை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

யுத்தத்துக்குப் பிறகு உள்ள இருபது வருஷத்தைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். 1922-ல் அடிலெய்ட் அம்மாளைக் கலியாணம் பண்ணினார். இரண்டு ஆண் பிள்ளைகளைத் தத்து எடுத்து வளர்த்தார்கள். தன் பேரிலேயே கார் கம்பெனி நடத்தினார், அது மூழ்கிப் போனது. 2,50,000 டாலர் கடன். திவால் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருந்தது. மாட்டேன் என்று வருஷக்கணக்காய் உழைத்து அடைத்து முடித்தார். (கைமாற்று வாங்கிவிட்டு வேறே தெரு வழியாய் நடக்கிற விசுவாசிகள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம்!) 1938-ல் ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் என்ற பெரிய விமானக் கம்பெனியை வாங்கி நடத்தினார்.

1941 பிப்ரவரி 26-ந் தேதி ராத்திரி அவருடைய கம்பெனி விமானமே, அவரைச் சுமந்துகொண்டு, அட்லாண்டா நகரத்துக்கு அருகே காட்டில் விழுந்து நொறுங்கியது. 16 பேரில் 8 பேர் மரித்தார்கள். இவர் இடுப்பு எலும்பு முறிந்து, கண்ணில் அடிபட்டு, செத்தவர் ஒருவரின் சடலத்தோடு ராத்திரி முழுவதும் நசுங்கிக் கிடந்தார். சுற்றிலும் பெட்ரோல். குளிருக்குத் தீ மூட்டப் பார்த்தவர்களை, தீக்குச்சி உரசவே கூடாது என்று அந்த நிலையிலும் சத்தம் போட்டுத் தடுத்தார். சாகப் போகிறார் என்று ரேடியோவில் சொன்னார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். எழும்பினார், ஆனால் கைத்தடி பிடித்துத்தான் நடக்க முடிந்தது.

அந்தக் கைத்தடியோடுதான் பசிபிக் சமுத்திரத்துக்குப் போனார்.

அது 1942 அக்டோபர். இரண்டாம் உலக யுத்தம் நடக்கிறது. யுத்த மந்திரி ஹென்றி ஸ்டிம்சன் இவரை அனுப்பினார். விமானத் தளங்களைப் பார்வையிட வேண்டும், நியூ கினியில் இருந்த ஜெனரல் மெக்ஆர்தருக்கு ஒரு ரகசியச் செய்தியை வாய்மொழியாய்ச் சொல்ல வேண்டும். ஹவாயிலிருந்து பி-17 விமானத்தில் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். நடுவிலே காண்டன் என்ற சின்னத் தீவில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டும். திசை தவறிவிட்டது. பெரிய சமுத்திரத்தில் ஒரு பொட்டு போல இருக்கிற தீவு அது. தவறவிட்டால் தவறவிட்டதுதான். தேடித் தேடிப் பெட்ரோல் தீர்ந்து, அக்டோபர் 21-ந் தேதி விமானத்தைக் கடலிலேயே இறக்கினார்கள். தளபதி செர்ரி அதை அலைக்கு ஏற்றபடி இறக்கினது பெரிய சாமர்த்தியம்.

மூன்று ரப்பர் தோணிகள். இரண்டு கொஞ்சம் பெரிசு, மூன்றாவது மிகச் சின்னது. எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். ஏறின பிறகுதான் தெரிந்தது, எடுத்து வைத்திருந்த தண்ணீரும் சாப்பாடும் விமானத்தோடேயே போய்விட்டன. கையில் இருந்தது நாலு ஆரஞ்சுப் பழம்.

எட்டுப் பேருக்கு நாலு ஆரஞ்சு, பிரியமானவர்களே. ஒரு பழத்தை எட்டுத் துண்டாய் வெட்டினார் ரிக்கன்பேக்கர். எல்லார் கண்ணும் கத்திமேல். சிலர் தோலையும் விதையையும் தின்றார்கள். ரிக்கன்பேக்கரும் செர்ரியும் தோலை மீன் பிடிக்க இரையாய் வைத்துக்கொண்டார்கள். மீன் கடிக்கவில்லை. பகலில் வெயில் தோலை உரிக்கிறது, உப்புத் தண்ணீர் பட்டுப் புண்ணாகிறது. ராத்திரியில் குளிர் நடுக்குகிறது. தோணிக்கு அடியிலே சுறா வந்து முதுகை உரசுகிறது. கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை.

அந்த எட்டுப் பேரில் இளம் சிப்பாய் ஜான் பார்டெக் கையில் ஒரு சின்னப் புதிய ஏற்பாடு இருந்தது. சட்டைப்பையில் அடங்குகிற புஸ்தகம். அவன் தனியாய் உட்கார்ந்து அதை வாசிக்கிறதை ரிக்கன்பேக்கர் பார்த்தார். தாய் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலையிலும் சாயங்காலத்திலும் மூன்று தோணியையும் கயிற்றால் இழுத்துச் சேர்த்துக் கூட்டம் வைக்கலாம் என்றார். ஒவ்வொருவராய் முறை வைத்து வாசித்தார்கள், ஜெபித்தார்கள். ரோமன் கத்தோலிக்கர் இருந்தார், வேறே சபைக்காரர் இருந்தார், ஒன்றையும் நம்பாதவரும் இருந்தார். துணை விமானி ஜேம்ஸ் விட்டேக்கர் அந்த ஒன்றையும் நம்பாதவர். ஆரம்பத்தில் இது அவருக்குக் கேலியாய் இருந்தது. மத்தேயு 6-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை, நாளையைக் குறித்துக் கவலைப்படவேண்டாம் என்று நம் ஆண்டவர் போதித்த அந்தப் பகுதியைத்தான் அவர்கள் அடிக்கடி வாசித்தார்கள். நாம் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கிற அதே வசனங்கள்தான்.

ஆரஞ்சு தீர்ந்துவிட்டது. எட்டாம் நாள். கூட்டம் முடிந்து எல்லாரும் சோர்ந்து கிடந்தார்கள். ரிக்கன்பேக்கர் தொப்பியைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டுத் தூங்கப் பார்க்கிறார். தொப்பியின்மேல் என்னவோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சீகல் என்று சொல்லுகிற கடற்பறவை! கரை கண்ணுக்கெட்டாத நடுச்சமுத்திரத்தில் அது எங்கிருந்து வந்தது? மற்றவர்கள் மூச்சுவிடவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்தே இவருக்கு விளங்கிவிட்டது. கையை மெதுவாய், மிக மெதுவாய் உயர்த்தினார். காலைப் பிடித்துவிட்டார்.

எட்டுப் பங்காய்ப் பிரித்துப் பச்சையாகவே தின்றார்கள். குடலைத் தூண்டிலில் இரையாய்க் கோத்துப் போட்டார்கள், இரண்டு மீன் அகப்பட்டது. அந்த ராத்திரியே மழையும் பெய்தது. சட்டையை நனைத்துப் பிழிந்து தண்ணீர் சேர்த்தார்கள். விட்டேக்கர் பிறகு எழுதின புஸ்தகத்தில் இன்னொரு மழையைப் பற்றியும் சொல்கிறார். அருகே வந்த மழை விலகிப் போய்விட்டது, இவர்கள் ஜெபித்தார்கள், காற்றுக்கு எதிராய் அது திரும்பி வந்தது என்று எழுதினார். ஒன்றையும் நம்பாமல் தோணியில் ஏறின மனுஷன் விசுவாசியாய் இறங்கினார். ஸ்தோத்திரம்!

அநேக பிரசங்கங்கள் இந்தப் பறவையோடே முடிந்துவிடும். அல்லேலூயா சொல்லி உட்கார்ந்துவிடுவோம். ஆனால் தோணி இன்னும் கடலில்தான் கிடந்தது. இன்னும் பதினாறு நாள் பாக்கி.

அலெக்ஸாண்டர் கஸ்மார்சிக் என்று ஒரு சார்ஜென்ட். அலெக்ஸ் என்று கூப்பிடுவார்கள். காமாலை வந்து ஹவாய் ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்திருந்து, தன் படைப்பிரிவுக்குத் திரும்புகிறதற்காக அந்த விமானத்தில் ஏறினவன். உடம்பில் சத்து இல்லை. கடலில் இறங்கினபோதே நிறைய உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. தாகம் தாங்காமல் ராத்திரி வேளையில் கடல் தண்ணீரைக் குடித்தும்விட்டான். உப்புத் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். நாளுக்கு நாள் அவன் மோசமானான்.

சென்ற வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இந்த அலெக்ஸைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய மகனும் காமாலையில்தான் போனான். சபை முழுவதும் ஜெபித்தோம், சங்கிலி ஜெபம் வைத்தோம், எண்ணெய் பூசினோம். அவன் போன பிறகு, விசுவாசம் போதவில்லை என்று யாரோ அந்த வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இப்படிச் சொல்லுகிற நாவைக் கர்த்தர் அடக்குவாராக. அந்தப் பையன் அலெக்ஸ் ஜெபிக்காமல் இருந்துவிட்டானா என்பதுதான் அந்தத் தாயின் கேள்வி.

நான் அவர்களுக்கு வியாக்கியானம் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எட்டுப் பேரும் சேர்ந்துதான் ஜெபித்தார்கள். பறவையில் அலெக்ஸுக்கும் பங்கு கிடைத்தது. மழைத் தண்ணீரிலும் பங்கு கிடைத்தது. வேதத்தைக் கேலி பண்ணினவர் பிழைத்தார், அலெக்ஸ் பிழைக்கவில்லை. அவனிடத்தில் குறை கண்டுபிடிக்க அந்தக் கடலில் இருந்த யாருமே முயலவில்லை.

ரிக்கன்பேக்கர் என்ன செய்தார் தெரியுமா? சின்னத் தோணியில் அலை அடித்து அவனை நனைக்கிறது என்று தன் தோணிக்கு மாற்றச் சொன்னார். பார்டெக் எழும்பிச் சின்னத் தோணிக்குப் போனான். 52 வயசு, இடுப்பு சரியில்லாத மனுஷன், நடுங்குகிற அந்தப் பையனை ஒரு தாய் குழந்தையை அணைக்கிற மாதிரி ராத்திரியெல்லாம் மார்போடு அணைத்துச் சூடு கொடுத்தார். இரண்டு ராத்திரி அப்படி. பிறகு கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. பழைய தோணிக்கே போகிறேன் என்று அலெக்ஸ் கேட்டான், மாற்றினார்கள். அந்த ராத்திரி விடிவதற்குமுன் ஒரு நீண்ட பெருமூச்சு ரிக்கன்பேக்கரின் காதில் விழுந்தது. அது பதின்மூன்றாம் நாள். விடிந்ததும் பார்த்தார்கள். கூட இருந்த டி ஏஞ்சலிஸ் கத்தோலிக்க முறையில் தனக்குத் தெரிந்த அடக்க ஜெபத்தைச் சொன்னார். சரீரத்தைக் கடலில் இறக்கினார்கள்.

இந்தக் கை மற்றவர்களிடத்தில் மென்மையாய் இருக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாராவது மனம் சோர்ந்தால் ரிக்கன்பேக்கர் கண்டபடி திட்டுவார், அவமானப்படுத்துவார். ஒருவர் வேதனை தாங்காமல் கடலில் இறங்கிப் போய்விடப் பார்த்தபோது பிடித்து இழுத்துப் போட்டு, கோழை என்று ஏசித் தள்ளினார். இவர் சாவைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று வைராக்கியம் வைத்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு! வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன் என்று பிறகு சொன்னார். ஒரு மேய்ப்பன் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனால் திட்டின அதே வாய்தான் கூட்டம் நடத்தியது. திட்டின அதே கைதான் அலெக்ஸை அணைத்தது.

மூன்றாவது வாரத்தில் தூரத்தில் விமானங்கள் போயின. கத்தினார்கள், சட்டையை வீசினார்கள், யாரும் பார்க்கவில்லை. இனி சேர்ந்திருந்து பயனில்லை என்று தோணிகளைப் பிரித்தார்கள். அமெரிக்காவில் தேடுதலை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தபோது அடிலெய்ட் அம்மாள் விமானப்படைத் தலைவரிடத்தில் போய் நின்று, இன்னும் ஒரு வாரம் தேடுங்கள் என்று விடாப்பிடியாய்க் கேட்டு வாங்கினார்கள். முதலில் செர்ரி தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டார். விட்டேக்கர் இருந்த தோணி எல்லிஸ் தீவுகளில் ஒன்றில் ஒதுங்கியது, அது இப்போது டுவாலு என்ற தேசம். அந்தத் தீவுவாசிகள் ஓடி வந்து அவர்களைப் பராமரித்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். லண்டன் மிஷன் மூலமாய்ச் சுவிசேஷம் பெற்ற ஜனங்கள், நம்முடைய நாகர்கோவில் பக்கத்தில் வேலை செய்த அதே மிஷன்.

நவம்பர் 13-ந் தேதி, இருபத்துநாலாம் நாள், கடற்படையின் சின்ன மிதவை விமானம் ஒன்று ரிக்கன்பேக்கர், ஆடம்சன், பார்டெக் இருந்த தோணிக்கு அருகே இறங்கியது. உள்ளே ஒரு ஆளுக்குத்தான் இடம். அதிகம் அடிபட்டிருந்த கர்னல் ஆடம்சனை உள்ளே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் இறக்கைக்கு ஒருவராய்க் கயிற்றால் கட்டி, விமானத்தைப் படகு மாதிரி தண்ணீர்மேலேயே ஓட்டிக்கொண்டு போனான் விமானி. முதல் யுத்தத்தில் இறக்கைத் துணி கிழிந்து சாவைப் பார்த்த மனுஷன் இப்போது ஒரு இறக்கையில் கட்டப்பட்டுத் தப்பினார்.

வீட்டுக்கு ஓடவில்லை அவர். சமோவா தீவு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் உடம்பைத் தேற்றிக்கொண்டு, நேரே நியூ கினிக்குப் போய் மெக்ஆர்தரிடத்தில் அந்தச் செய்தியை ஒப்புவித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். அது என்ன செய்தி என்று கடைசிவரை வெளியே சொல்லவில்லை. 1943-ல் இந்தச் சம்பவத்தைப் புஸ்தகமாய் எழுதினார். அதன் தலைப்பிலேயே தப்பினது ஏழு பேர் என்று கணக்கு வைத்தார். எட்டாவது ஆளின் கதையையும் அதற்குள்ளே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாய் என்னிடத்தில் கடைசியாய்க் கேட்டது, அலெக்ஸை அவர் எத்தனை ராத்திரி அணைத்திருந்தார் என்பதுதான். இரண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்தார்கள், இப்போதும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ரிக்கன்பேக்கர் 1963 வரை விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். அன்று முதல் ஜெபத்தைப் பற்றி எந்த மேடையிலும் கூச்சமில்லாமல் பேசினார், அடிக்கிற நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. 1973 ஜூலை 23-ந் தேதி, 82-வது வயசில், தாய் தகப்பன் புறப்பட்டு வந்த அதே சுவிட்சர்லாந்து தேசத்தில், சூரிச் நகரத்து ஆஸ்பத்திரியில் மரித்தார். சாம்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, பிறந்த ஊரான கொலம்பஸின் கிரீன் லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள்.